முதல் தடவை கேட்கிறவர்களின் அறை

தசாவா நொபுயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரிடமாவது மன்னிப்புக் கேட்டு எழுதும்போது நிஜமாகவே தலை குனிவாள். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தட்டி முடித்ததும் முதுகு தானாக வளையும். அவள் கணவர் கென்சாகு மீன் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பார்.

"பெட்டிக்குள்ள யாராவது பெரிய மனுஷன் உக்காந்திருக்கானா? எனக்கு ஒருநாள்கூட நீ இப்படிக் குனிஞ்சதில்லையே."

"நான் கேட்டதுக்கு ஒருநாளாவது நீங்க ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா குனிஞ்சிருப்பேன்."

நொபுயே ஹச்சினோஹே துறைமுகத்தை விட்டு வேறெங்கும் வாழ்ந்தவள் அல்ல. பதினெட்டு வயதில் கணவாய் மீன் ஏலக்கூடத்து அலுவலகத்தில் சேர்ந்தாள். எந்தப் படகு வந்தது, எத்தனை பெட்டி, யார் எடுத்தார்கள் என்று ஏலக்காரர்கள் மூச்சு விடாமல் கத்துவார்கள். அவர்கள் அடுத்த மூச்சை இழுப்பதற்குள் இவள் விரல்கள் தட்டி முடித்திருக்கும். கம்ப்யூட்டர் வந்தபோதும் அவளுக்கு அது தட்டுகிற பலகை, அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்ததே இல்லை.

சயோ அவளுக்கு அறிமுகமானது அந்த அலுவலகத்தில்தான். பக்கத்துக் கணவாய்த் தொழிற்சாலையில் குடல் எடுக்கும் வேலை சயோவுக்கு. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போனவள். ஏதாவது விசாரிக்க வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவாள். மற்றவர்கள் அவசரத்தில் கையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள். நொபுயே மட்டும் பதிலைத் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டுவாள். நாலைந்து தடவை இப்படி நடந்த பிறகு சயோ ஒரு சீட்டு நீட்டினாள். "நீ தட்டுற வேகத்துக்கு, உலகமே என்கிட்டப் பேசுற மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தது.

அந்தச் சீட்டுதான் நொபுயேவை நகராட்சியின் தன்னார்வக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏழு பெண்கள்; எல்லோரும் ஐம்பதைத் தொட்டவர்கள். ஏதாவது கூட்டம் நடந்தால், பேசுகிறவர் பேசப் பேச நால்வர் நான்கு மடிக்கணினிகளில் மாறி மாறித் தட்டுவார்கள். ஒருத்தி வாக்கியத்தின் தலையைப் பிடித்தால் அடுத்தவள் வாலைப் பிடிப்பாள். எல்லாம் ஐந்தாவது கணினிக்குப் போய்ச் சேர்ந்து பெரிய திரையில் வரிவரியாக ஓடும். காது கேளாதவர்கள் அதைப் படிப்பார்கள். இந்த ஐந்து பெட்டிகளையும் கோத்துவைத்த மென்பொருளின் பெயர் செசெராகி. ஓடையின் சலசலப்பு என்று பொருள். யொகொஹாமாவில் உசுய் என்ற பொறியாளர், காது போன தன் தாய்க்காக எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. நாடு முழுக்க இதுபோன்ற பெண்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

சுனாமி வந்த வருஷம், ஏப்ரல் மாதம், வேலை இழந்த தொழிற்சாலைக்காரர்களுக்கு நகராட்சி விளக்கக் கூட்டம் ஒன்று வைத்தது. சயோவின் தொழிற்சாலை கடலோடு போயிருந்தது. முன்வரிசையில் அவளும், அவளைப் போல இன்னும் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் காது கேட்கிறவர்கள் இருநூறு பேர். அதிகாரி பேச ஆரம்பித்தார். நால்வரும் தட்டினார்கள். திரை வெள்ளையாக இருந்தது. ஒரு எழுத்துகூட வரவில்லை. கம்பியைப் பிடுங்கிச் செருகினார்கள், அணைத்து எழுப்பினார்கள். நாற்பது நிமிஷம் அதிகாரி பேசினார். நாற்பது நிமிஷமும் அந்த ஒன்பது பேரும் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் சயோ எழுந்து வந்து விரல்களால் சொன்னாள்:

"திரையில பனி நல்லா பேஞ்சுது. வேற என்ன சொன்னாங்க?"

மறுநாள் நொபுயே, செசெராகி பயன்படுத்துகிறவர்களுக்கான விவாதப் பக்கத்தைத் தேடிப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்பின் தெரியாதவர்கள் கூடிப் பேசும் இடத்தில் எழுதினாள். திரை வெள்ளையாக இருந்தது, எதிரே இருந்தவர்களுக்குக் காது கேட்காது, என்ன செய்யலாம் என்று கேட்டு, தலை குனிந்து அனுப்பினாள்.

மாலைக்குள் ஏழு பதில்கள் வந்தன. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் கேட்பவருக்கு ஜோசியம்தான் பார்க்கணும் என்றார் ஒருவர். இது ஏற்கெனவே பன்னிரண்டு தடவை பேசி முடித்த விஷயம், தேடிப் பாருங்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "போர்ட் திறந்திருக்கா?"

நொபுயேவுக்கு அந்தச் சொல் ஒன்றுதான் தெரிந்த சொல்லாக இருந்தது. ஆறுதலோடு பதில் எழுதினாள். "விசாரித்ததற்கு நன்றி. சுனாமியில் துறைமுகத்தின் கிழக்குப் பக்கம் உடைந்துவிட்டது. மேற்குப் பக்கம் மட்டும் போன வாரம் திறந்தார்கள்."

அவர் கேட்டது கணினிக்குள் தகவல் போய்வரும் வாசலைப் பற்றி. அந்தப் பக்கம் ஒரு வாரம் சிரித்தது. "மேற்குப் பக்கம் திறந்தாச்சா?" என்பது அங்கே ஒரு கேலிச் சொல்லாகவே ஆனது. யாரோ எழுதினார்கள்: "அம்மா, ஆறு மாசம் வாயைத் திறக்காம இங்க இருக்கிறதெல்லாம் படிங்க. அப்புறம் வந்து கேளுங்க."

கென்சாகு அதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டார். "இவனுங்க யாரு? கரையில செத்துப்போனவங்களை இன்னும் தேடிக்கிட்டிருக்கோம், இவனுங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"அவங்களுக்குத் தெரியாதுங்க."

"தெரியாதவனுக்கு எதுக்கு நீ குனியுற?"

ஆனால் அந்தப் பக்கத்தில் சொன்னதையே அவள் செய்தாள். நிஜமாகவே ஆறு மாதம் படித்தாள். ஏலக்கூடத்து வேலை மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒன்பது வருஷத்துப் பேச்சு முழுவதையும் முதலிலிருந்து வாசித்தாள். புரியாத சொல்லை நோட்டில் எழுதி, புரிந்த நாளில் எதிரே விளக்கம் எழுதினாள். மூன்று நோட்டுகள் நிரம்பின. படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. அவளைப் போன்ற பெண்கள் இதற்கு முன்பும் வந்திருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள். அதே மாதிரி அடி வாங்கி, திரும்ப வரவே இல்லை. அப்படி வந்து போனவர்களின் பெயர்களை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தாள். நூற்று முப்பதுக்கு மேல் இருந்தது.

அன்றே உசுய்க்குக் கடிதம் எழுதினாள். கேலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெயர்ப் பட்டியலை மட்டும் இணைத்திருந்தாள். உசுய் தொலைபேசியில் கூப்பிட்டார். மெல்லிய குரல்; குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து மரியாதையாக அழைத்தார்.

"தசாவா சான், இந்தப் பட்டியலைப் பாத்து எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"உங்க இடத்துல ஒரு மூலை கொடுங்க. வேற யாரும் கேக்க பயப்படாத மாதிரி ஒரு ரூம் வச்சுக்கறேன்."

இப்படித்தான் அந்த அறை வந்தது. பெயரே 'முதல் தடவை கேட்கிறவர்களின் அறை'. உள்ளே வரப் பதிவு தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை. பெயர் போட விருப்பமில்லாதவர்கள் ஊர் பெயரைப் போடலாம். 'ஏற்கெனவே சொல்லியாச்சு' என்று மட்டும் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது; சொன்னால் நொபுயே அந்தப் பதிலை அழித்துவிடுவாள். இணையத்தில் எழுத வராதவர்கள் ஃபேக்ஸ் அனுப்பலாம் என்று வீட்டு எண்ணையும் கொடுத்திருந்தாள். ஃபேக்ஸில் வந்த கேள்வியை அவளே அறையில் தட்டி ஏற்றுவாள்.

பத்து வருஷம் அந்த அறையை அவள் நடத்தினாள். கேள்விகள் எல்லா மாதிரியும் வந்தன. "எலியின் வலது பக்கத்தை அழுத்துங்க என்கிறார்கள், எலி என்னைப் பார்க்கும்போது வலதா, நான் எலியைப் பார்க்கும்போது வலதா?" என்று தெற்குத் தீவு ஒன்றிலிருந்து ஒருத்தி கேட்டாள். ஒரு குழு, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், திரைக்குப் பக்கத்தில் எல்லோரும் வரிசையாக நின்று சிரித்தபடி எடுத்து அனுப்பியது. நொபுயே எதற்கும் சிரிக்கவில்லை. திரையைக் காகிதத்தில் அச்செடுத்து, அழுத்த வேண்டிய இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, படமாக்கி ஏற்றினாள். அவளுக்கே தெரியாதபோது பொறியாளர்களின் பக்கத்துக்குப் போய்க் கேட்பாள். இப்போது எந்தச் சொல்லில் கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கிடைத்த பதிலை இந்தப் பக்கத்துப் பேச்சில் மாற்றிக் கொடுப்பாள். அவள் பதில்கள் எப்போதும் ஒரே மாதிரித் தொடங்கும்:

"பயப்படாதீங்க. ஒண்ணும் உடையல. எல்லாப் பெட்டியையும் அணைச்சிட்டு, ஒரு டீ குடிங்க."

வெள்ளைத் திரைக்கு அவள் கொடுத்த பதில்தான் எல்லாவற்றிலும் பிரபலம். பெரிய திரையோடு இணைந்த பெட்டியை முதலில் எழுப்ப வேண்டும். அது முழுசாக விழித்த பிறகுதான் தட்டுகிற பெட்டிகளை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். பல குழுக்கள் இதை அட்டையில் எழுதிக் கணினிப் பையில் ஒட்டிவைத்திருந்தன. நாடு முழுக்க அவளை 'ஹச்சினோஹே அக்கா' என்று கூப்பிட்டார்கள்.

சயோ மட்டும் சீண்டுவாள். "ஊர்ல இருக்கிற செவிடுக்கெல்லாம் நீ அக்கா. எனக்கு மட்டும் போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொல்லிட்டு வரல."

"குமமொத்தோல ஒரு குழு, அவசரம்னு..."

"எனக்கும் அவசரம்தான். டாக்டர் பேசின பேச்சுல மூணு வார்த்தை புரிஞ்சுது. அதுல ரெண்டு 'பரவாயில்ல'."

உசுய்க்கு எழுபத்து மூன்று வயதானபோது கண்ணில் கோளாறு வந்தது. செசெராகியை ஓர் அமைப்பிடம் ஒப்படைத்தார். இளைஞர்கள், நல்ல படிப்பு, சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்கிறவர்கள். அவர்களில் மகாபே என்பவர் நொபுயேவைப் பார்க்க ஹச்சினோஹேவுக்கே வந்தார். முப்பத்து நாலு வயசு இருக்கும். தோக்கியோ இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். சமையலறை மேஜையையும் சிவப்புப் பேனாவையும் பார்த்து நெகிழ்ந்துபோனார். பச்சைக் கணவாய்த் துண்டுகளான சஷிமியை இரண்டு தட்டு சாப்பிட்டார்.

"தசாவா சான், நீங்க பண்ணியிருக்கிறது பெரிய வேலை. நாலாயிரத்து இருநூறு கேள்வி! எங்க மொத்தக் குழுவும் சேந்தாலும் முடியாது."

"பழக்கம்தானுங்க."

"ஆனா ஒரே விஷயம் ரெண்டு இடத்துல இருந்தா குழப்பம் இல்லையா? எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டுவரப் போறோம். அழகா இருக்கும்."

"அங்க வந்து கேக்கணும்னா என்ன பண்ணணும்?"

"ஒரு பதிவு. மொபைலுக்கு ஒரு எண் வரும், அதைப் போடணும். அப்புறம் படிவத்துல பதினோரு கட்டம், அவ்வளவுதான்."

நொபுயே தேநீரை ஊற்றுவதை நிறுத்தினாள். "எங்க ஆளுங்க மொபைலுக்கு எண் வந்ததுமே யாரோ ஏமாத்தறாங்கன்னு அணைச்சிடுவாங்க."

மகாபே சிரித்தார், நல்ல சிரிப்பு. "அதுக்குத்தான் தானாவே பதில் சொல்ற ஒண்ணை வச்சிருக்கோம். பதிவு இல்லாமலே அதுகிட்டக் கேக்கலாம். உங்க பதில்களை வச்சேதான் அதைப் பழக்கியிருக்கோம். கேளுங்க, உங்களை மாதிரியே பேசும்."

கைப்பேசியை நீட்டினார். அவள் ஒரு கேள்வி தட்டினாள். "பயப்படாதீங்க. ஒண்ணும் உடையல" என்று பதில் வந்தது. நொபுயேவுக்கு மார்பு நிறைந்தது. தனக்குப் பிறகும் தன் பேச்சு இருக்கும் என்று தோன்றியது. பின்னால் அந்த நிமிஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். அன்று அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: பதிப்பு மாறினால் இந்தப் பதிலை யார் மாற்றுவார்கள்? சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மார்ச்சில் அறை மூடப்பட்டது. போனால், 'இந்த அறை மூடப்பட்டது. இதுவரை பயன்படுத்தியதற்கு நன்றி' என்று இரண்டு வரி. நொபுயேவின் பெயர் எங்கும் இல்லை. அவள் பெயரைப் போட அவர்களுக்கு மனசில்லாமல் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இலையுதிர்காலத்தில் செசெராகியின் புதுப் பதிப்பு வந்தது. அதில் பெட்டிகளை எழுப்புகிற வரிசை தலைகீழாக மாறியிருந்தது. இப்போது தட்டுகிற பெட்டிகள் முதலில். பெரிய திரைப் பெட்டி கடைசியில். மாற்றி எழுப்பினால் எழுத்து வராது. இதை எங்கோ ஒரு நீண்ட அறிக்கையின் கீழே, ஒரு வரியில் எழுதியிருந்தார்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நொபுயேவுக்குத் தொலைபேசி வந்தது. மேற்குக் கோடியில் மசுதா என்ற ஊரின் குழுத் தலைவி இஷிதொபி. பல வருஷமாக அறைக்கு வந்துபோனவள். குரலே வேறாக இருந்தது.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சோம்?"

"எதை இஷிதொபி சான்? என்ன ஆச்சு?"

"இன்னைக்கு ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பா ஹதானோ சானுக்குக் காது கேக்காது. அவருக்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. ஆரம்பத்துல எந்த வரிசையில எழுப்பினோமோ தெரியல, எல்லாம் சரியா ஓடிச்சு. நடுவுல ஒரு தடவை நின்னுச்சு. உடனே அந்தப் பக்கத்துல கேட்டேன். நீங்கதான் பதில் சொன்னீங்க. எல்லாத்தையும் அணைச்சிட்டுத் திரைப் பெட்டியை முதல்ல எழுப்புன்னீங்க. எழுப்பினோம். வரல. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னீங்க. பயப்படாதீங்க, டீ குடிங்கன்னீங்க!"

"இஷிதொபி சான், அது நான் இல்ல."

"உங்க பேச்சு எனக்குத் தெரியாதா?"

கல்யாணப் பெண் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தை வாசிக்கும் நேரம் அது. விளக்கைக் குறைத்துவிட்டார்கள். பெண் வாசித்தாள், குரல் உடைந்தது, மண்டபமே மூக்கை உறிஞ்சியது. ஹதானோ வெள்ளைத் திரையைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மண்டபத்தில் இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவர்கள் கண்ணைத் துடைத்தபோது தானும் துடைத்துக்கொண்டார்.

"அதைப் பாத்தேன் அக்கா. நான் இனிமே எந்தப் பெட்டியையும் தொட மாட்டேன்" என்று சொல்லி இஷிதொபி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் நொபுயே அந்தப் புதுப் பக்கத்தில் பதிவு செய்தாள். மொபைலுக்கு வந்த எண்ணைப் போட்டாள். பதினோரு கட்டத்தையும் நிரப்பினாள்; பதிப்பு, கணினி வகை, தவறு நடந்த வரிசை, எதுவும் விடவில்லை. தானியங்கி சொல்கிற பதில் பழைய பதிப்புக்கானது, உடனே நீக்குங்கள் என்று எழுதினாள். அனுப்பியதும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதில் வந்தது:

'இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டுள்ளது. கீழே உள்ளதைப் படிக்கவும். கேள்வி மூடப்படுகிறது.'

கீழே இருந்தது அவளுடைய பதில்தான். எட்டு வருஷத்துக்கு முன் எழுதியது. அவள் வரைந்த சிவப்பு வட்டம்கூட இருந்தது. ஓரத்தில் பெயர் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

மூன்று தடவை அனுப்பினாள். மூன்று தடவையும் மூடியது. மகாபேயைப் போனில் பிடிக்க நாலு நாள் ஆனது.

"தசாவா சான்! எப்படி இருக்கீங்க? அந்தக் கணவாய் ருசி இன்னும் நாக்குலயே இருக்கு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் அக்கறையாகக் கேட்டார். உச்சுக் கொட்டினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா பாருங்க, போன்ல வர்றதை நாங்க எடுத்துக்கிட்டா, எல்லாரும் போன் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. பக்கத்துல பதிவு பண்ணிடுங்களேன்."

"பண்ணினேன். மூடிடுது."

"அப்படியா? அதையும் பக்கத்துல பதிவு பண்ணினா, பாத்துச் சரிபண்ணிடுவோம்."

உசுய்யைக் கூப்பிட்டாள். அவருக்கு இப்போது பாதிப் பார்வைதான். "அந்த மூலை என் பேர்ல இருந்துச்சு, தசாவா சான். ஒப்படைக்கும்போது அதையும் சேத்துக் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." அழுதாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்து வருஷம் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கியவளுக்கு, அது யாருடைய வீடு என்ற யோசனை அன்றுதான் வந்தது.

டிசம்பரில் செந்தாய் நகரத்தில் செசெராகி பயன்படுத்துகிறவர்களின் ஆண்டுக் கூட்டம். நொபுயே போனாள்; சயோவும் கூடப் போனாள். மேடையில் மகாபே. பக்கத்தில் பெரிய திரை. தட்டுகிறவர்கள் யாரும் இல்லை. பேச்சைத் தானே கேட்டுத் தானே எழுதும் புது ஏற்பாடு. மகாபே செய்தி வாசிப்பவர் போலப் பேசினார். ஒரு எழுத்துப் பிசகாமல் திரையில் வந்தது. கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் நொபுயே எழுந்தாள். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். பதற்றம் வந்தால் அவளுக்குத் துறைமுகத்துப் பேச்சுதான் வரும். அதன் இழுப்பும் விழுங்கலும் வெளியூர்க்காரர்களுக்கே பாதிதான் புரியும்.

"கல்யாணத்துல, மக எழுதின கடிதத்தை அப்பாவால படிக்க முடியல" என்றாள்.

திரையில் வந்தது: 'கல் யானைத் துளை. மக்கள் ஏலத்தில் கடித்ததை அப்பளம் பிடிக்க முடியல.'

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் திரையைப் பார்க்கவில்லை; மகாபேயைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனாள். நாலு நிமிஷம் பேசினாள். முன்வரிசையில் இருந்த காது கேளாதவர்கள் முப்பது பேரும் அப்பளத்தையும் யானையையும் படித்துவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலருக்குப் பாவமாக இருந்தது. சயோ சிரிக்கவில்லை. எழுந்து மேடைக்கு முன்னால் போனாள். திரும்பி நின்று, நொபுயே சொன்னது அத்தனையையும் கையால் சொன்னாள். பாதி, அவளுக்கு முன்பே தெரியும்; மீதியை நொபுயேவின் வாயைப் பார்த்தே பிடித்தாள். முன்வரிசையில் சிரிப்பு நின்றது.

மகாபே தலை குனிந்தார். "முக்கியமான கருத்து. தயவுசெய்து இதைப் பக்கத்திலும் பதிவு செய்யுங்கள்" என்றார். அது திரையில் பிழையில்லாமல் வந்தது.

திரும்பி வரும் ரயிலில் சயோ சொன்னாள்: "அவன் கெட்டவன் இல்ல. அதுதான் எனக்கு எரிச்சலா இருக்கு. கெட்டவனா இருந்தா ஒரு அறை விட்டிருப்பேன்."

"நானும்தான் காரணம். என் பேச்சுன்னுதானே அவங்க நம்பினாங்க?"

"ஆமா. நீயும்தான்" என்றாள் சயோ. ஆறுதல் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த வாரம் நொபுயே பழைய ஃபேக்ஸ் தாள்களையெல்லாம் எடுத்தாள். நூற்று அறுபத்து இரண்டு குழுக்களின் எண்கள் கிடைத்தன. ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'புதுப் பதிப்பில் தட்டுகிற பெட்டிகள் முதலில், திரைப் பெட்டி கடைசியில். என் பெயரில், என் பேச்சில் யார் வேறு விதமாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். அது நான் இல்லை.' ஒவ்வொரு எண்ணாக அழுத்தி அனுப்பினாள். நாற்பதுக்கும் மேற்பட்ட எண்கள் உயிரோடு இல்லை. கென்சாகு தாள் மடங்காமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அன்று அவர் கேலி பேசவில்லை.

தவறான பதில் பிப்ரவரியில் நீக்கப்பட்டது. எப்போது, ஏன் என்று யாரும் அறிவிக்கவில்லை. மார்ச்சில் அமைப்பிலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம் தபாலில் வந்தது. 'பயனர் சமூகத்துக்கு ஆற்றிய பங்களிப்புக்காக' என்று அச்சடித்து, கீழே மை முத்திரை. பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. மசுதா குழு கலைந்துவிட்டது. இஷிதொபி ஒரு ஃபேக்ஸுக்கும் பதில் போடவில்லை.

ஹதானோவுக்கு நொபுயே தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதியிருந்தாள். அவரிடமிருந்து ஃபேக்ஸில் பதில் வந்தது. பேரிக்காய்த் தோட்டக்காரர், கட்டை கட்டையான எழுத்து.

'உங்கள் மேல் கோபம் இல்லை. மகளின் கடிதத்தைப் பிறகு வாங்கிப் படித்தேன். நல்ல கடிதம். ஆனால் எந்த வரியில் அவள் அழுதாள் என்று காகிதத்தில் இல்லை. கேட்டால் அவளுக்கே ஞாபகம் இல்லை என்கிறாள்.'

நொபுயே அந்தப் பெண்ணுக்கு எழுதி, கல்யாண வீடியோவை வரவழைத்தாள். நாலு நாள் மதியம் உட்கார்ந்து, கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் அது சொல்லப்படும் நொடியில் படத்தின் கீழே வரும்படி பொருத்தினாள். 'இங்கே குரல் உடைகிறது', 'இங்கே நாலு நொடி பேசவில்லை', 'இங்கே அம்மா தேம்புகிறார்' என்று அடைப்புக்குள் சேர்த்தாள். சயோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"'தேம்புகிறார்' வேண்டாம். அது அவருக்கே தெரியும். அவர் மனைவி முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள். நொபுயே அதை எடுத்துவிட்டாள்.

ஏப்ரலில் மகளிடமிருந்து சிறு கடிதம் வந்தது. அப்பா ஒரே ஒரு தடவை பார்த்தார். முடிந்ததும் கணினியை மூடிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அனுப்பியதற்கு நன்றி.

நொபுயே அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். நல்லது செய்தாளா, ஆறிக்கொண்டிருந்ததைக் கிளறினாளா என்று அவளுக்கு விளங்கவில்லை. சயோவிடம் காட்டினாள். சயோ தோளைக் குலுக்கினாள்.

இப்போதும் நொபுயே ஹச்சினோஹே குழுவில் தட்டுகிறாள். சயோவின் ஆஸ்பத்திரி நாட்களில் தவறாமல் கூடப் போகிறாள். வெளியூரிலிருந்து ஃபேக்ஸ் வந்தால் பதில் எழுதுகிறாள்; மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும், அதுவும் குறைந்துகொண்டே போகிறது. அமைப்பின் பக்கத்தில், கேள்விகளின் எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்துவிட்டது, மென்பொருள் அவ்வளவு எளிமையாகிவிட்டதே காரணம் என்று அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். கென்சாகு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். நொபுயே கேட்டுக்கொண்டாள். பிறகு கணவாயின் தோலை உரிக்க எழுந்து போனாள்.